பன்னிரண்டு தாழ்ப்பாள்கள்

பழைய காய்ச்சல் ஆஸ்பத்திரியை ஊர்மக்கள் கூடும் மண்டபமாக மாற்றுகிறோம், கதவு வேலை உன்னுடையது என்று இன்ஜினியர் சொன்னபோது, நானும் என் மனைவியும் சந்தோஷமாகத்தான் போனோம். நான் தச்சன். இழைப்பதும் பொருத்துவதும் நான். தேய்த்துப் பாலிஷ் போடுவது அவள்.

நீளமான நடை. இரு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு அறைகள், ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி. எவ்வளவு திறந்து வைத்தாலும் ஈரத்துணி வாடை போகவில்லை. எல்லாக் கதவுகளிலும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டுமே இருந்தது. தொற்றுநோய்க்காரர்களை உள்ளே விட்டு வெளியிலிருந்து சாத்தியிருக்கிறார்கள். கதவுகளின் உள்பக்கம், இடுப்பு உயரத்துக்குக் கீழே, நகக்கீறல்கள். அவற்றை ஒவ்வொன்றாக இழைத்து எடுத்தேன்.

பழைய பித்தளைச் சாமானைத் தூக்கி எறியக் கூடாது என்பது இன்ஜினியரின் கண்டிப்பு. எறிய வேண்டாம், பக்கத்தை மாற்றுவோம் என்று பன்னிரண்டு தாழ்ப்பாள்களையும் கழற்றி உள்பக்கம் பொருத்தினேன். இனிமேல் இங்கே உட்காருகிறவர் தன் கையாலேயே சாத்திக்கொள்ளட்டும். வீட்டுக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் போட ஆறு மாதம் இழுத்தடித்த மனுஷன், ஊருக்கு மட்டும் ஒரே நாளில் போட்டுவிட்டார் என்று அவள் என்னைக் கேலி செய்தாள்.

மறுநாள் பட்டப்பகலில், பாலிஷ் டப்பாவோடு கடைசி அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

"நான் போடலைங்க," என்றாள் உள்ளேயிருந்து, மெல்ல. "இங்க யாரோ இருக்காங்க."

யார் கையில் தாழ்ப்பாளைக் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஸ்க்ரூடிரைவரைக் கதவுக்கு அடியில் தள்ளி, தாழ்ப்பாளின் நாலு திருகாணியையும் கழற்றச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஒரு திருகாணி இடுக்கு வழியாக உருண்டு வந்தது.

இன்னொன்று.

மூன்று.

நான்கு.

அவ்வளவுதான், இழு என்றேன். கதவு அசையவில்லை.

"என்னத்தை இழுக்கறது? என்னைக் கதவுகிட்டயே விடமாட்டேங்கறாங்க," என்று கிசுகிசுத்தாள்.

கோடரியால் கதவைப் பிளந்தேன். உள்ளே பாலிஷ் டப்பாவும் ஸ்க்ரூடிரைவரும் கழன்ற தாழ்ப்பாளும் மட்டும் கிடந்தன.

"ஏங்க," என்று எதிர் அறையிலிருந்து கூப்பிட்டாள். அந்தக் கதவும் உள்ளே தாழிட்டிருந்தது.

அதையும் பிளந்தேன். குரல் பக்கத்து அறைக்குப் போனது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிய, அவளை விட்டுவிடுங்கள் என்று யாரிடமோ கெஞ்சிக்கொண்டே ஒவ்வொரு கதவாக உடைத்தேன். மற்ற வேலையாட்கள் ஓடிவந்து என்னைப் பிடித்தபோது, உடைக்கக் கதவே மிச்சமில்லை. நான்தான் அவளை ஏதோ செய்துவிட்டேன் என்று போலீஸ் மாதக்கணக்கில் தோண்டித் துருவியது. ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிட்டார்கள்.

கதவே இல்லாமல் மண்டபத்தைத் திறந்தாயிற்று. யார் வந்தாலும் வா வா என்று கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதே என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். தையல் வகுப்பும் பாட்டு வகுப்பும் நடக்கின்றன. நான் தினமும் போய் நடையில் உட்காருகிறேன். புத்தி பேதலித்தவன் என்று யாரும் எழுப்புவதில்லை. அவள் இல்லாமல் எனக்கு வீடு என்று ஒன்று இல்லை.

பாட்டு நின்று கூட்டம் கலைந்ததும், எங்கோ ஒரு தாழ்ப்பாள் விழும். பிறகு அவள் குரல், நேற்றைவிடக் கொஞ்சம் தள்ளி.

"உடைக்கறதை நிறுத்திடாதீங்க. இன்னும் எத்தனை கதவுங்க இருக்கு?"