தொப்பிமேட்டுத் தகடு

தொப்பிமேட்டில் செத்துப் பார்ப்பதற்கு அன்றைக்கும் நீண்ட வரிசை. ‘காலணியைக் கழற்றாதீர்கள்’ என்று ஐந்து மொழிகளில் எழுதிய பலகைக்குக் கீழேயே ஒரு கல்யாண மண்டபத்து வாசல் அளவுக்குச் செருப்புகள் குவிந்து கிடந்தன. எல்லாம் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் செருப்புகள்.

வேதாசலம் தன் செருப்பை அந்தக் குவியலோடு சேர்க்காமல், சற்றுத் தள்ளித் தனியாக விட்டார். கூட்டத்தைப் பார்க்கவே அவருக்கு எரிச்சலாக இருந்தது. பச்சைப் புள்ளி போட்ட பட்டாளத்துச் சட்டையைத் தொப்பைமீது இழுத்து மாட்டிக்கொண்டு ஒருவன் பீரங்கிக் குழாய்க்குள் தலையை விட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். துருப்பிடித்த டாங்கியின் நிழலில் ஒரு குடும்பம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது.

“பாத்தியா வதனி? போர்க்களத்துக்கு வந்த மூஞ்சிங்களா இதுங்க? பொருட்காட்சிக்கு வந்த மாதிரி இருக்குதுங்க.”

மகள் மதிவதனி குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். “நாமளும் அதே பஸ்ஸுலதாம்பா வந்தோம்.”

“நாம வேற” என்றார் வேதாசலம்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரை மறித்து நின்ற மேடு அது. மழையும் மலேரியாவும் தின்றதுபோக மிச்சமிருந்த சிப்பாய்கள் அங்கே குழி வெட்டி உட்கார்ந்திருந்தார்கள். நூறு வருடத்துக்கும் மேலாக யாரும் சீண்டாத இடம். மண்செவி வந்த பிறகுதான் அதற்கு விடிவு பிறந்தது.

மனிதனின் வியர்வை இரும்புச் சத்துள்ள மண்ணில் இறங்கும்போது, அந்த நேரத்து மனக்கொதிப்பை மண்துகள்கள் ஒலிநாடாபோலப் பதிந்துவைத்துக்கொள்கின்றன என்று கண்டுபிடித்தார்கள். அதைக் கேட்கும் கருவிதான் மண்செவி. விரல்நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் கொடுத்துவிட்டுக் குழியில் இறங்க வேண்டும். அதே ரத்தவழியில் வந்தவனின் பதிவு அங்கே இருந்தால் கருவி தேடிப் பிடிக்கும். அவன் கேட்ட சத்தம், முகர்ந்த வாசனை, நினைத்த நினைப்பு எல்லாம் தலைக்கவசம் வழியாக உள்ளே இறங்கும். இருப்பதிலேயே அழுத்தமான வாக்கியத்தை மட்டும் செப்புத் தகட்டில் பொறித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

அந்தத் தகடு இப்போது வீட்டு வாசலில், முன்பு திருஷ்டிப் பூசணி தொங்கிய இடத்தில் தொங்குகிறது. பெண் பார்க்கப் போனால் ஜாதகத்துக்கு முன்பாகத் தகட்டைத்தான் கேட்கிறார்கள். போரில் யாரையும் சாகக் கொடுக்காத குடும்பங்கள் மூதாதையரைத் திட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கின்றன.

வேதாசலத்தின் கொள்ளுத்தாத்தா, பட்டாளத்தில் நாயக்காக இருந்த தாண்டவராயன், இந்த மேட்டில்தான் செத்தார். கோட்டைநத்தம் பேரூராட்சி அவர் பெயரில் நினைவு வளைவு கட்டுகிறது. வளைவின் நெற்றியில் ஒரு தகடுதான் பதிக்கலாம். யார் கொண்டுவரும் தகடு பதிக்கப்படுகிறதோ அவர் குடும்பத்தின் பெயர் கல்லில் ஏறும்.

போன மாதம் பங்காளி பூவராகன் முந்திக்கொண்டு வந்து, ஒரு தகட்டோடு திரும்பினான். கோட்டைநத்தமே கூடி நின்று வாசித்தது: ‘பசிக்குது. கால் நனஞ்சி போச்சி.’

“அடப்பாவி, இவன் தாத்தாவத் தேடினானா, மெஸ்ஸத் தேடினானா?” என்று கடைத்தெருவில் வைத்து வேதாசலம் சிரித்த சிரிப்பில் பூவராகனின் முகம் கறுத்துப்போனது. பேரூராட்சியும் அந்தத் தகட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

ஆகவே வேதாசலம் வந்திருக்கிறார். அந்த வளைவு அவருக்கு வேண்டும். எதற்கென்று மகளிடம் மட்டும் அவர் சொல்லவில்லை. மதிவதனி புருஷனை விட்டுவிட்டு வந்து ஒரு வருடமாகிறது. “உன் வீடும்மா இது, எத்தன நாள் வேணாலும் இரு” என்று அன்றைக்குச் சொன்னவர் அவர்தான். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் அந்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

குழியருகே நின்ற வழிகாட்டிப் பெண் பிளாஸ்டிக் மழைக்கோட்டை நீட்டினாள். ரோஸ்லின் என்று பெயர். மணிப்பூர் எல்லையில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம்.

“சார், செருப்பு போட்டுட்டு எறங்குங்க.”

“ஏம்மா, எங்க தாத்தா உயிர விட்ட எடம். செருப்புக் காலோட மிதிக்கச் சொல்றியா? நீயெல்லாம் தமிழச்சியா?”

ரோஸ்லின் கொட்டாவியை அடக்கிக்கொண்டாள். “எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. எறங்குங்க.”

குழிக்குள் சேறு கணுக்காலைக் கவ்வியது. தலைக்கவசம் முனகியது. வேதாசலம் கண்ணை மூடிக்கொண்டு கொதித்தார். பூவராகனை நினைத்துக் கொதித்தார். மேலே குடையோடு நிற்கிறவளை நினைத்தும் கொதித்தார். திடீரென்று வேறொருவனின் மூச்சு அவர் மூச்சோடு கலந்தது. என்ன தெளிவு! மழைச் சத்தம். காதருகே எதுவோ சரசரத்தது. படுதாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மூக்கைத் துளைக்கும் தைல நெடி. பட்டாளத்து மருந்தாக இருக்கும். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு வெறுப்பு கிளம்பிவந்தது. அப்பேர்ப்பட்ட வெறுப்பை ஒரு வீரனால்தான் சுமக்க முடியும். அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

மேலே ஏறியபோது தகடு சூடாக வந்தது: ‘சிரிக்கிறவன் சிரிக்கட்டும். அவன் வாயில் மண்ணை அள்ளிப் போடாமல் விடமாட்டேன்.’

“எதிரியப் பாத்து சொல்லியிருக்காருடி! கொக்கரிச்சிக்கிட்டு வந்த ஜப்பான்காரனப் பாத்து!” அங்கிருந்தே பேரூராட்சித் தலைவரை அழைத்து இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். தலைவர் உருகிப்போய், கல்தச்சனை அப்போதே கூப்பிட்டு வேதாசலத்தின் பெயரைச் செதுக்கச் சொல்லிவிட்டார்.

“நீயும் எறங்கும்மா. காசு கட்டியாச்சி, வீணாப் போகக் கூடாது” என்றார் பெருந்தன்மையாக.

மதிவதனியும் அப்பாவைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். ஏறிவந்தபோது அவள் முகத்தில் கண்ணீர் இல்லை. வேறு எதுவும் இல்லை. தகட்டை அப்பாவிடம் நீட்டினாள்.

‘வாழாமல் வந்தவளால் எனக்குத் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. இந்தத் தகடாவது அதை மறைக்கட்டும்.’

வேதாசலம் தகட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

“இன்னாம்மா இது, மெஷின் கெட்டுப்போச்சா?”

“மெஷின் நல்லாத்தான் இருக்கு சார்” என்றாள் ரோஸ்லின். “உங்க தாத்தா நனைஞ்ச பூட்ஸைக் கழட்டிட்டு வெறுங்காலோட நின்னிருப்பாரு. அதனாலதான் அவர் இந்த மண்ணுல பதிஞ்சாரு. நீங்களும் கழட்டிட்டு நிக்கிறீங்க. புதுசு பதிஞ்சா பழசு அழிஞ்சிடும். அதுக்குத்தானே அஞ்சு பாஷையில எழுதி வெச்சிருக்கோம்.”

“அப்ப இது தாத்தா இல்லையா?”

“உங்க ரத்தத்துல கடைசியா எறங்கினவரு. மேடத்துக்கு நீங்க. மண்ணுக்கு எது போரு, எது டூருன்னு தெரியுமா சார்?” அடுத்தவருக்கு மழைக்கோட்டை உதறினாள். அது சரசரத்தது.

அந்தச் சத்தத்தில் வேதாசலத்துக்கு எல்லாம் விளங்கியது. பூவராகனுக்கு எப்போதும் சளி. நெற்றியிலும் கழுத்திலும் தைலம் தேய்க்காமல் அவன் வீட்டு வாசலைத் தாண்டமாட்டான். பசியையும் நனைந்த காலையும் கேட்டுவிட்டு, ஊரில் யார் சிரிப்பான் என்று அவன் இந்தக் குழியில் வெறுங்காலோடு நின்றபடியே நினைத்திருக்கிறான். யார் வாயில் மண்ணைப் போட வேண்டும் என்றும் நினைத்திருக்கிறான்.

“ஃபோன் பண்ணி சொல்லிடுங்கப்பா” என்றாள் மதிவதனி.

“என்னன்னு சொல்றது? ஊரு காறித் துப்பும்.”

“துப்பட்டுமே. என்னாலதான் ஏற்கெனவே தலைகாட்ட முடியலையே உங்களால.”

“அது... குழிக்குள்ள ஏதோ கோவத்துல நெனச்சது வதனி.”

“இருக்கறதிலேயே அழுத்தமானதத்தாம்பா அது பொறிக்கும்.” குடையை மடக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, தூற ஆரம்பித்திருந்த மழையில் பேருந்தை நோக்கி நடந்தாள்.

வளைவுத் திறப்புவிழாவுக்கு ஊரே திரண்டது. வேதாசலம் சொல்லாமல் விட்டதை யாரும் கேட்கவில்லை. தலைவர் தகட்டை ஒலிபெருக்கியில் முழங்கினார். பள்ளிப் பிள்ளைகள் அதையே உறுதிமொழியாக வாங்கிச் சொன்னார்கள். ‘அவன் வாயில் மண்ணை’ என்ற இடம் வந்தபோது கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

மேடையில் பக்கத்து நாற்காலியில் பூவராகன் உட்கார்ந்திருந்தான். முதல் தடவை கேட்டபோது நெற்றியைச் சுருக்கினான். இரண்டாம் தடவை வாய் திறந்துகொண்டது. மூன்றாம் தடவை வேதாசலத்தின் பக்கம் மெதுவாகத் திரும்பினான். தைல நெடி வந்து மோதியது.

“நல்லா சொல்லியிருக்காருப்பா தாத்தா” என்றான். “எனக்கே சொல்லத் தோணின மாதிரி இருக்குது. தெனமும் போறப்ப வர்றப்ப படி. உம் பேரு வேற கீழயே இருக்குது.”

வேதாசலம் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். வேறென்ன செய்ய முடியும்? கூட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக வளைவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

மதிவதனி விழாவுக்கு வரவில்லை. அந்த நேரத்தில் அவள் ஊரை விட்டுப் போகும் பெட்டியோடு பூவராகன் வீட்டு வாசலில் நின்று, அவன் மனைவியிடம் ஒரு பொருளைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பசித் தகடா? அத எதுக்குக் கேக்கற கண்ணு? எதுக்கும் ஒதவாதுன்னு தூக்கிப்போட இருந்தேன்” என்று சொல்லியபடியே அவள் பின்கட்டுக்குப் போனாள். தாண்டவராயன் உலகத்தில் விட்டுப்போன ஒரே சொல், அங்கே தண்ணீர்க் குடத்துக்கு மூடியாகக் கிடந்தது.