கட்டாருக்கு இரண்டரை மணி நேரம்

மகள் றிஸ்லா கட்டாருக்குப் புறப்பட்டு மூன்று நாளாயிற்று. அவள் குரலை ஸஹீதா இன்னும் கேட்கவில்லை. மகன் இன்ஷாபையும் கூட்டிக்கொண்டு காத்தான்குடியிலிருந்து கல்லடிக்கு வந்து, ஓய்வுபெற்ற பொலிஸ் பரிசோதகர் அழகரத்தினத்தின் முன் அமர்ந்தாள். அவர் மனைவி யசோதினி கொப்பியும் பேனையுமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கணவர் எடுக்கும் வழக்கில் பாதி தன்னுடையது என்பது அவள் எண்ணம்.

ஸஹீதா நடந்ததைச் சொன்னாள். றிஸ்லா முன்பே இரண்டு வருடம் அங்கே ஒரு வீட்டில் வேலை செய்து லீவில் வந்தவள். திங்கட்கிழமை இன்ஷாப்தான் அவளை வேனில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டான். அன்று நண்பகல் லுஹர் தொழுகை முடித்துப் பாயைச் சுருட்டும்போது, கட்டாருக்கு வந்து சேர்ந்துவிட்டேன் என்று மகளின் நம்பரிலிருந்து செய்தி வந்தது. அதன் பிறகு அந்தப் போன் அடைத்தே கிடக்கிறது.

வேலை கொடுத்த வீட்டார்தான் போனைப் பறித்திருப்பார்கள் என்று யசோதினி அப்போதே தீர்ப்பெழுதினாள்.

அழகரத்தினம் பயணச்சீட்டின் பிரதியை வாங்கிப் பார்த்தார். புறப்படுவது காலை பத்து. தோஹாவில் இறங்குவது பன்னிரண்டரை. ஸஹீதாவின் போனில் செய்தி வந்த நேரம் பன்னிரண்டு நாற்பது. பின்பு இன்ஷாபின் பக்கம் திரும்பி, விமானத்தில் ஏறியதுண்டா என்று மெல்லக் கேட்டார். இல்லை என்றான். கட்டாருக்கு எவ்வளவு நேரப் பயணம் என்றதற்கு, “ரெண்டரை மணித்தியாலம்தானே, சேர்” என்றான்.

இதையெல்லாம் ஏன் கேட்கிறார் என்று ஸஹீதாவுக்கு விளங்கவில்லை. மகன் தன் முகத்தைப் பார்க்க மறுப்பது மட்டும் தெரிந்தது. அழகரத்தினம் அவளுக்கு விளக்கினார்.

“தங்கச்சி, டிக்கட்டில இறங்குற நேரம் இறங்குற ஊர் மணிக்கூட்டுப்படிதான் போடுவாங்க. கட்டார் நமக்கு ரெண்டரை மணித்தியாலம் பின்னுக்கு. அங்க பன்னிரண்டரை எண்டா இஞ்ச பின்னேரம் மூணு. மூவாயிரத்து அறுநூறு கிலோமீற்றர், அஞ்சு மணித்தியாலம் பறக்க வேணும். நீங்க தொழுது எழும்பக்குள்ள அந்தப் பிளேன் நடுக்கடலுக்கு மேல.”

“பிளேனுக்குள்ள இருந்தும் அனுப்பலாம்தானே?” என்றாள் யசோதினி.

“அனுப்பலாம். போய் வந்த பிள்ளை பாதி வழியில வந்து சேர்ந்திட்டன் எண்டு எழுதாது. டிக்கட்டில கிடந்த பன்னிரண்டரைய நம்மட நேரம் எண்டு நினைச்ச ஆள்தான் எழுதியிருக்கு. போனும் அந்த ஆளிட்டத்தான்.”

அவர் பார்வை இன்ஷாபின் மேல் நின்றது. ஸஹீதாவுக்கு விளங்கியது. போனை விட்டுவிட்டு மகள் கடல் கடக்க மாட்டாள். மகள் கட்டாரில் இல்லை, விமானத்தில் ஏறவுமில்லை.

“என்ட புள்ள எங்கடா?”

இன்ஷாப் தலை குனிந்தபடி சொன்னான். விமான நிலைய வாசலில் றிஸ்லா வேனை விட்டு இறங்க மறுத்து அழுதிருக்கிறாள். ஏறாவூரில் அவளுடைய சிநேகிதி அஸ்மியாவின் வீட்டில் அவளை விட்டிருக்கிறான், சுகமாக இருக்கிறாள். அவள் போனை வாங்கிச் செய்தி அனுப்பி, பிறகு அடைத்து வைத்ததும் அவன்தான்.

“கட்டார்ல அந்த வீட்டில அவளுக்கு அடிக்கிறாங்க உம்மா. போன்ல எத்தின தரம் உங்களிட்டச் சொன்னாள்? பொறுத்துக்க புள்ள எண்டுதானே சொன்னீங்க. வீட்ட வந்தா திரும்ப ஏத்தி விட்டிருவீங்க எண்டு பயம்.”

யசோதினி கொப்பியை மூடினாள். அஸ்மியாவுக்கு அழைக்க இன்ஷாப் போனை எடுத்தபோது ஸஹீதா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இனி அவள எங்கயும் அனுப்ப மாட்டன். அத நான் நேர போய்ச் சொல்லணும். நான் வாறன் எண்டு மட்டும் சொல்லிராத, மனே. ஓடிருவாள்.”