மண் தொடாத தக்காளி

1955, பெப்ரவரி. திங்கட்கிழமை காலை மணி ஒன்பதரை.

இறம்பொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், பழைய கொட்டகையின் பூட்டைத் திறந்து எட்டிப் பார்த்த கணக்கப்பிள்ளை பொன்னையா போட்ட கூச்சல் கொழுந்து எடுக்கும் மலை வரைக்கும் கேட்டது. முதல் நாள் வரை நிமிர்ந்து நின்ற எட்டுத் தக்காளிச் செடிகளும் தலை தொங்கிக் கிடந்தன.

லேசுப்பட்ட தக்காளியா அது? அதன் வேர் ஒருநாளும் மண்ணைத் தொட்டதில்லை. போர்க்காலத்தில் பாலைவன விமானப்படை முகாம் ஒன்றில் வேலை பார்த்த சிவசாமி அங்கே கற்றுவந்த வித்தை. மரத்தொட்டி நிறையக் கழுவிய சரளைக்கல். தொட்டிக்குக் கீழே, உரம் கரைத்த தண்ணீருடன் ஒரு மண்ணெண்ணெய்த் தகரம். தேயிலைக்குத் தழையுரமாக விதைக்கும் சணப்பஞ்செடியின் நாரை உரித்துத் திரித்த திரிகள், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் தண்ணீரை மேலே இழுத்துக் கொடுக்கும். பக்கத்துத் தொட்டியில், தனித் தகரத்தில், கீரை. ஆலை எந்திரத்துக்கு எண்ணெய் போடுகிறவன் தலைக்குள் இவ்வளவும் இருந்ததென்றால் கையெடுத்துக் கும்பிடத்தான் வேண்டும். ஞாயிறன்று, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சனம் முழுக்கத் திரண்டு வந்து தக்காளியைப் பார்த்து வாய் பிளந்துவிட்டுப் போயிருந்தது. இன்று மூன்று மணிக்குத் தோட்டத்தை நடத்தும் துரையே வருகிறார்.

“மருந்தடிக்கிற அழகன்தான்!” என்றார் பொன்னையா. “ஓடைத் தண்ணி விழுற பீலியில சிவசாமியோட சண்டை போட்டவன். காலையில இந்த ஜன்னலுக்கு வெளியதான் பம்பு கழுவினான். மயில்துத்த மருந்தை உள்ளுக்கு அடிச்சிட்டான். தொரை வரட்டும், இன்னைக்கே பத்துச்சீட்டு!”

பத்துச்சீட்டு என்றால் வேலையும் போச்சு, லயத்து அறையும் போச்சு. மூன்று பிள்ளைகளோடு அழகன் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

“நான் செய்யலைங்க ஐயா,” என்றான் அவன். கையெல்லாம் நீலக் கறை.

அந்த மூன்று பிள்ளைகளையும் உலகுக்குக் கொண்டுவந்த தோட்டத்து மருத்துவிச்சி பெற்றீசியா, கூச்சல் கேட்டு இருமிக்கொண்டே வந்து சேர்ந்தார். காலை ஆறரைக்குக் கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் போய், பிள்ளைத்தாய்ச்சியான மருமகள் சண்முகவடிவைப் பார்த்தபோது அடுப்பில் கருகிய மிளகாயின் நெடி தொண்டையில் ஏறியது. இன்னும் தீரவில்லை. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் சுற்றிப்போடுவது வழக்கந்தானே என்று அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“சாவி எத்தனை?”

“ரெண்டுங்கம்மா,” என்றான் சிவசாமி. “ஒண்ணு என் இடுப்புல. அஞ்சரையிலேருந்து நான் ஆலைக்குள்ளதான் நின்னேன்.”

“மத்தது?”

“என்கிட்ட,” என்றார் பொன்னையா. “அதனாலதானே சொல்றேன், ஜன்னல் வழியா வந்த வினை!”

பத்து மணி. பெற்றீசியா இரும்பு ஆணி ஒன்றைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கித் தக்காளித் தகரத்துத் தண்ணீரில் போட்டார். மயில்துத்தம் கலந்திருந்தால் ஆணியில் செம்பு படிந்து சிவந்துவிடும். அரைமணி கழித்து எடுத்தார். ஆணி போட்டபடியே வெள்ளையாக இருந்தது.

பிறகு விரல்நுனியைத் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைத்தார். கடல் தண்ணீர்தான். கீரைத் தகரத்தைத் தொட்டார். கரிக்கவில்லை.

பதினொன்றரை. கணக்கப்பிள்ளை வீட்டு வாசலில் சண்முகவடிவு முறத்தோடு இருந்தாள்.

“காலையில ஒனக்குச் சுத்திப் போட்டாங்களா?”

“எனக்கா? இல்லியேம்மா. மாமா எங்கயோ போயிட்டு வந்து மூணு மொளகாய அடுப்புல போட்டுட்டுப் பெரட்டுல ஆள் கணக்கெடுக்கப் போனாரு.”

பன்னிரண்டு மணி. கொட்டகையில் எல்லோரும் நின்றார்கள்.

“விரோதியா இருந்தா ரெண்டு தகரத்தையும் கெடுத்திருப்பான்,” என்றார் பெற்றீசியா. “ஊரே வாய் பிளந்த தக்காளி மட்டும் ஏன் வாடணும்? இது பகையில்ல. பாசம். கண்ணுபட்டுருமேன்னு யாரோ கல்லுப்பையும் மொளகாயையும் சுத்தியிருக்காங்க. மொளகா அடுப்புக்கு. உப்பு தண்ணிக்கு. பக்கத்துல இருந்த தண்ணி இந்தத் தகரம். மொளகா எரிஞ்சது உங்க வீட்டு அடுப்புல, சாவி உங்க கையில. பிள்ளைத்தாய்ச்சிக்குச் சுத்தினாங்கன்னு நெனச்சு நானே ஏமாந்தேன். எத்தனை கை உப்புங்க, கணக்கப்பிள்ளை ஐயா?”

பொன்னையா குனிந்து தக்காளித் தகரத்தைப் பார்த்தார்.

“ரெண்டு கை,” என்றார். “கல்லுல காய்க்குமான்னு கேலி பண்ணினவன் நான். ஆனா தெனம் வந்து பார்க்காம இருக்க முடியலம்மா. நேத்து அத்தன கண்ணு! உப்பு கரையுற மாதிரி கண்ணூறும் கரைஞ்சுரும்னுதானே போட்டேன்? அது செடிக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதே!”

தனக்கே தெரியாமல் குற்றம் செய்துவிட்டு இன்னொருவனை மாட்டிவிட்ட ஆளை என்ன செய்வது? திட்டவும் மனசு வரவில்லை, விடவும் மனசு வரவில்லை.

“செடி இன்னும் சாகலைங்க,” என்றான் சிவசாமி வேரைக் கிள்ளிப் பார்த்து. “மண்ணுன்னா உப்பு தங்கிரும். இது கல்லு. கழுவினாப் போயிரும்.”

அவன் சொல்லி முடிப்பதற்குள் அழகன் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டான். சரளையில் ஊற்றி வடித்தார்கள். மறுபடி ஊற்றினார்கள். பத்துத் தகரம் தண்ணீர் வடிந்ததும், திரிகளைப் பிழிந்து மாட்டிப் புதிதாக உரம் கரைத்தான் சிவசாமி. என்ன அருமையான வித்தை! வயலில் நடந்திருந்தால் ஒரு போகமே போயிருக்கும்.

மூன்று மணி. துரை உள்ளே நுழைந்தபோது ஆறு செடிகள் இலையை உயர்த்தியிருந்தன. இரண்டு இன்னும் சோர்ந்து கிடந்தன. துரை அந்த இரண்டைத்தான் காட்டிக் கேட்டார். யார் செய்தது?

நீலக் கறைக் கையோடு அழகன் தலை குனிந்தான்.

பொன்னையா தலைப்பாகையைக் கழற்றினார்.

“நான்தாங்க தொரை. இவன்மேல பொய்யாப் பழி போட்டதும் நான்தான்.” பிறகு அழகன் பக்கம் திரும்பினார். “மன்னிச்சிரு, அழகா.”

அந்த மலையில் எந்தக் கணக்கப்பிள்ளையும் ஒரு மருந்தடிக்காரனிடம் சொல்லி யாரும் கேட்டிராத வார்த்தை அது. அழகன் கீழே கிடந்த காலித் தகரத்தை எடுத்தான்.

“நகருங்க ஐயா. அந்த ரெண்டு செடிக்கும் இன்னொரு தடவ ஊத்தணும்.”

பொன்னையா நகரவில்லை. குனிந்து தகரத்தின் மறுபக்கத்தைப் பிடித்தார். துரை பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு பேரும் பீலிக்கு நடந்தார்கள்.