படத்தில் இல்லாத கடை

"வியாபாரிகள் சங்கத்துல மாட்டியிருக்கிற பழைய படத்துல என் கடை இல்லையாம். நாளைக்கே காலி பண்ணிட்டுப் பின்சந்துக்குப் போகணுமாம்!"

வந்ததும் வராததுமாகச் சலூன்காரர் குமுறினார். குமுறிக்கொண்டே, எதிரில் நின்ற பட்டாசு என்பவரின் தலையைப் பிடித்து நேராக நிமிர்த்தினார். தொழில் பழக்கம் யாரை விட்டது!

துப்பறிவாளர் ஆமையார் நிதானமாக டீயை ஆற்றினார். அவருடைய மச்சானும் உதவியாளருமான பட்டாசோ அதற்குள் செருப்பை மாட்டிவிட்டார். மூன்று மாதமாக ஒரு துப்புகூடச் சிக்கவில்லையே என்ற ஆதங்கம் அவருக்கு.

மூவரும் சங்கத்துக்குப் போனார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கடைத்தெரு அந்த ஓவியத்தில் ஜேஜே என்று இருந்தது. அதிலுள்ள கடைகளுக்கே தெருவில் இடம் என்று தீர்ப்பளித்த சங்கத் தலைவரான ஜவுளிக்கடைக்காரரும் அங்கே இருந்தார்.

"ஆரம்பத்துல இருந்தே நாங்க அங்கதான் இருக்கோம்" என்றார் சலூன்காரர்.

படத்தில் மூக்கு உரச நின்ற பட்டாசு துள்ளினார். "மாமா! தையல்காரர் இடது கையால வெட்டுறாரு. கொல்லரும் இடது கையாலதான் அடிக்கிறாரு. ஊரே இடது கையா?"

"வரைஞ்சவன் அரைகுறை" என்று தலைவர் சிரித்தார். "ரொட்டிக்கடைக்கு வலப்பக்கம் இருக்கிற செருப்புக்கடையை இடப்பக்கம் போட்டிருக்கான். அடியில இந்த வெள்ளைப்பட்டை வேற. என்ன கண்றாவியோ!"

"ரொட்டிக்கடைக்கு நேர் எதிர்ல என்ன இருக்கு?" என்று கேட்டார் ஆமையார்.

"என் கடைதான்" என்றார் சலூன்காரர்.

ஆமையார் எல்லோரையும் அங்கே அழைத்துப்போய், தலைவரை நாற்காலியில் உட்காரவைத்தார். சலூன்காரர் வெள்ளைத்துணியைப் போர்த்தி, தலையை நிமிர்த்தினார். "ஆட்டாதீங்க."

தலைவர் வேறு வழியின்றிக் கண்ணாடியைப் பார்த்தார். முதுகுக்குப் பின்னாலிருந்த தெரு முழுவதும் அதில் தெரிந்தது. ரொட்டிக்கடைக்கு இடப்பக்கம் செருப்புக்கடை. செருப்புக்கடைக்காரர் இடது கையால் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியின் அடியில் வெள்ளைத்துணியின் ஓரம்.

"ஓவியர் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்" என்றார் ஆமையார். "தலையைத் திருப்ப விட்டிருக்க மாட்டாங்க. கண்ணாடியில பார்த்ததை அப்படியே வரைஞ்சுட்டார். தன் முகத்தை விட்டுட்டார், துணியை விடல. தெருவையே இந்தக் கடைக்குள்ள இருந்து பார்த்தவர் படத்துல இந்தக் கடை எப்படி வரும்? முதல் துப்பு நம்ம மாப்ளையோடது!"

பட்டாசுக்குத் தலைகால் புரியவில்லை. சலூன்காரர் அழுதார், சிரித்தார், அதே கையோடு கத்தரிக்கோலையும் எடுத்தார்.

"கடை இங்கேயே இருக்கட்டும்யா! என்னை மன்னிச்சிடு" என்று நெகிழ்ந்துபோய்த் திரும்பினார் தலைவர்.

"தலையை ஆட்டாதீங்கன்னு சொன்னேனா இல்லையா!" என்று அதட்டினார் சலூன்காரர்.