வெறுங்குழியில் விழுந்த புள்ளிகள்

ஒன்றுமே ஊற்றாத குழியில் ஏழு புள்ளிகள் விழுந்திருந்தன.

"தூசியா இருக்கும்ணே," என்றாள் டெக்னீஷியன், பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "வெறுங்குழின்னா சும்மா கெடக்கணும். உங்க வீட்டம்மா ரத்தத்துக்கு என்ன, காத்தோட சண்டையா?"

அட்டெண்டர் சிரித்து வைத்தார். ஆஸ்பத்திரி லேபின் ஜன்னல் இல்லாத அந்த அறையில் பன்னிரண்டு வருடமாக, சின்னச் சின்னக் குழிகள் வைத்த சோதனைப் பிளேட்டுகளைக் கழுவுகிறார். ஆள் பற்றாக்குறையில் குழிகளில் ஊற்றுவதும் மூடியில் எழுதுவதும்கூட அவர் தலையில்தான் விழுந்திருந்தது. வேலை அத்துப்படி. நோயாளியின் இரத்தத்திலிருந்து காவல் அணுக்களைப் பிரித்து மூன்று வரிசைக் குழிகளில் விடவேண்டும். ஒரு வரிசையில் நோயின் துணுக்கு. ஒன்றில் எல்லா அணுவையும் உசுப்பிவிடுகிற மருந்து. ஒன்றில் அணுக்களைத் தவிர எதுவும் கிடையாது. ஒரு பகலும் ஓர் இரவும் இன்குபேட்டரின் உடம்புச் சூட்டில் வைத்துவிட்டு, கழுவிச் சாயம் ஊற்றினால், எதிரியை அடையாளம் கண்டு சீறிய ஒவ்வோர் அணுவும் இருந்த இடத்தில் ஒரு நீலப் புள்ளி தெரியும். எந்த வரிசை எது என்பதற்கு மூடியில் அவர் எழுதுவதுதான் சாட்சி: நோய், முழு, வெறு.

மாடி வார்டில் கிடந்த அவர் மனைவிக்கு நோய் வரிசையில் ஐம்பது புள்ளி வேண்டும். இருந்தால் அந்த வரிசையின் அணுக்களைப் பெருக்கி அவள் உடம்பிலேயே ஏற்றலாம். இல்லையென்றால் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிடுவார்கள். போய் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. முதல் பிளேட்டில் நோய் வரிசை துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

இரண்டாவதிலும் அப்படியே. வெறுங்குழியில் மட்டும் நாற்பது.

மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டெக்னீஷியன் குபீரென்று சிரித்தாள். "அண்ணே, வெறுவுக்கு ரெட்டைச் சுழி போட்டுருக்கீங்க! வேறுன்னு இருக்கு. வேற எவனோ உள்ள இருக்கான்னு எழுதி வச்சா ரத்தம் பாவம் என்ன பண்ணும்?"

நாற்பது வயதுக்குமேல் எழுத்துக்கூட்டப் பழகியவர். கொம்புச் சுழி எப்போதும் அவர் விரலை ஏமாற்றிவிடும். "கைவாக்குல வந்துருச்சும்மா," என்றார், காது சூடேற. ஆனால் அந்தச் சொல் அன்று முழுக்க அவரை விடவில்லை. வேறு. எழுதியது போலவா இருக்கிறது? பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல அல்லவா இருக்கிறது.

மூன்றாவது முறை இரத்தம் எடுத்தபோது மனைவிக்குக் கையை நீட்டவே தெம்பில்லை. "ஏங்க, இதான் கடைசியாம். இதுக்குமேல உடம்பு தாங்காதாம்," என்றாள். அப்புறம், அவர் சொல்லியிருந்த கதையை நினைத்து உதடு லேசாகக் கோண, "அந்தச் சுழியப் பாத்துப் போடுங்க."

போட்டார். ஒற்றைச் சுழி. மூச்சைப் பிடித்துக்கொண்டு. டெக்னீஷியன் பார்த்து, "நூத்துக்கு நூறுண்ணே," என்றாள். இன்குபேட்டரைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பகல் பதினோரு மணி. டெக்னீஷியன் டாக்டரைக் கூட்டிவரப் போயிருந்தாள். அவர் இன்குபேட்டர் கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்த வெக்கையில், வழக்கமான ஸ்பிரிட் நெடியும் ஈரத் தகர வாடையும் இல்லாமல், நெடுநேரம் போர்வைக்குள் முகம் புதைத்துத் தூங்கிய ஒருவர் வாயைத் திறந்தால் வருமே, அந்தப் புளித்த மூச்சின் வாடை வந்தது. இத்தனை வருடம் ஒரே சீராகக் கேட்டுப் பழகிய இன்குபேட்டரின் உறுமல் நடுநடுவே நின்று, நின்ற இடத்தில் எதையோ விழுங்கி, மறுபடி தொடங்கியது. பிளேட்டை எடுத்தார். மூடியைப் பார்த்தார்.

வேறு.

இரட்டைச் சுழி. அவர் கையெழுத்தேதான். மை காயவில்லை.

சாவி இரவு முழுக்க அவர் பையில்தான் இருந்தது.

கழுவினார். சாயம் ஊற்றினார். நோய் வரிசை வெளுத்துக் கிடந்தது. ஐந்து நிமிடம். பத்து. ஒரு புள்ளிகூட இல்லை. பக்கத்தில், ஒன்றுமில்லாத குழிகளில், நீலம் பொரிந்து பொரிந்து வந்தது. பத்து. முப்பது. எண்ணி மாளவில்லை. அவள் இரத்தம் நோயைப் பார்த்துத் தூங்கியது. வெற்றிடத்தைப் பார்த்து அலறியது.

வெளியே செருப்புச் சத்தம். டாக்டரின் இருமல்.

அவர் யோசிக்கவில்லை. ஸ்பிரிட் பஞ்சால் மூடியைத் துடைத்தார். வெளுத்த வரிசைக்கு 'வெறு' என்று எழுதினார். நீல வரிசைக்கு 'நோய்'.

"நூத்தி முப்பது!" டெக்னீஷியன் கத்தியேவிட்டாள். "அண்ணே, அண்ணி பொழச்சாங்க! வெறுங்குழியும் சுத்தமா இருக்கு பாருங்க."

டாக்டர் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

அந்த நீல வரிசையின் அணுக்களைத்தான் வளர்த்தார்கள். பதினெட்டாம் நாள் ஏற்றினார்கள். மறுநாள் மத்தியானம் அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, "பசிக்குதுங்க," என்றாள். எத்தனை மாதம் கழித்துக் கேட்கிற வார்த்தை. ஜன்னல் வழியே வெயில் கட்டில் முழுக்க விழுந்திருந்தது.

"இங்க என்னமோ அரிக்குது, பாருங்களேன்." தோளைத் திருப்பினாள்.

நான்கு நீலப் புள்ளிகள். ஊசி போட்ட தடம் என்று நினைத்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தாவது வந்தது. ஆறாவது. வரிசையாக. அந்த வரிசை ஒரு விரல். பக்கத்தில் இன்னொரு விரல். இன்னொன்று. ஒவ்வொன்றிலும் ஒரு கணு கூடுதல். பிறகு உள்ளங்கை. புள்ளிகளுக்கு அடியில் தோல் பள்ளமாக அழுந்தியிருந்தது.

இடுப்பில் இன்னொரு கை.

இன்றைக்கு வந்தது இல்லை. எத்தனை நாளாகவோ பின்னாலிருந்து கட்டிக்கொண்டிருந்ததை அவள் உடம்பு இப்போதுதான் அடையாளம் கண்டுகொண்டிருக்கிறது.

அவளுக்குப் பின்னால் தலையணை. சுவர். வெயில்.

மணியை அடிக்கலாம். டாக்டர் வருவார். என்ன சொல்வது? நோய் என்று எழுதியது நான்தான் என்றா?

"ஏங்க, ஏன் அப்படிப் பாக்குறீங்க?"

தோளில் இருந்த கை நகர்ந்தது. புள்ளிகள் கழுத்தில் ஏறின. தாடையில். கன்னத்தில்.

"ஏங்க…"

அவள் வாயின்மேல் நான்கு நீல விரல்கள் மெதுவாக அழுந்தின.