டேங்குக்குப் பின்னால்

குழாயைத் திறந்ததும் வெந்நீர் வந்தது. பிளம்பர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

ஒரு வருஷத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த வீடு. மீட்டர் பெட்டியில் ஃபியூஸையே கழற்றி வைத்திருந்தார்கள். சாவி கொடுத்த பக்கத்து வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார். பரணில் நிற்கும் பழைய ஹீட்டர் டேங்கோ, கடற்கரை உப்புக்காற்று தின்றது போக மிச்சமிருக்கும் இரும்பு. அதைக் கழற்றிப் புதுசு மாட்டத்தான் இவர்கள் வந்திருந்தார்கள். அதில் தண்ணீர் எப்படிச் சுடும்?

"வெயில்ல சூடாயிருக்கும் மாமா" என்றான் மைத்துனன். வெயிலைக் கண்ணால் பார்த்தே பல நாளாயிற்று. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

மைத்துனன் என்றால் மனைவியின் ஒரே தம்பி. தொப்பையும் மூக்குக்கண்ணாடியுமாக ஏதோ கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். வேலை போனதும் அக்கா இவரிடம் ஒப்படைத்துவிட்டாள். "அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்களும் வீட்டுக்கு வராதீங்க" என்று காலையில்கூடச் சிரிக்காமல் சொல்லித்தான் அனுப்பினாள். அவனும் பாவம், ஏணியில் ஏறும்போதெல்லாம், "பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறித்தானே ஆகணும்" என்று முனகிக்கொண்டே தொப்பையைப் பரணின் வாசலுக்குள் திணிப்பான். இன்றும் அப்படித்தான் ஏறினான்.

பிளம்பர் கொல்லைப்பக்கம் போய் வால்வருகே நின்றார். கடல் இரைச்சலும் தகரக்கூரையில் மழையும் சேர்ந்தால் கத்தினாலும் காது கேட்காது. அதனால் இருவருக்கும் ஓர் ஏற்பாடு. குழாயில் ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினால் மூடு, செய்வதை நிறுத்து; இரண்டு தட்டினால் திற; மூன்று என்றால் மேலே வா. தட்டினால் கேள்வி கேட்கக்கூடாது, செய்ய வேண்டும். ஒருமுறை மைத்துனன் "எதுக்கு மாமா?" என்று கேட்க வந்த நேரத்தில் ஒரு வீட்டுச் சமையலறையே மிதந்தது. அன்று வாங்கிய திட்டில், அதற்குப் பிறகு அவன் ஒரு தட்டுக்கும் ஏன் என்று கேட்டதில்லை.

டக். மூடினார். டேங்கில் இருந்த தண்ணீர் ஹோஸ் வழியாக வழிந்து தீர்ந்தது. ஆவி பறந்தது. துருவும் கடற்பாசியும் கலந்த ஒரு வாடை, அதற்கு அடியில் தூங்கி எழுந்தவனின் வாய் நாற்றம் போல வேறொன்றும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை. பேச்சு மூச்சில்லாமல் அப்படி என்ன செய்கிறான்?

டக், டக்.

திறக்கச் சொல்கிறானே! இணைப்பைக் கழற்ற வேண்டிய நேரத்தில் தண்ணீர் எதற்கு? ஆனாலும் ஏற்பாடு ஏற்பாடுதான். திறந்தார். டேங்க் நிறையும் சத்தம் சுவர் வழியாக இறங்கியது. வழக்கமாக அது சலசலவென்று இருக்கும். இது மடக்கு மடக்காக வந்தது.

பிறகு மூன்று தட்டு. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மூன்று. அவசரமாக.

நிறைந்த டேங்க் நூறு கிலோவுக்கு மேல் கனக்கும். அடியில் இருக்கும் ஸ்டாண்டோ துரு. சாய்ந்திருந்தால்? ஓடினார். ஏணியில் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது.

பரணில் இருட்டும் புழுக்கமும். டார்ச் வெளிச்சத்தில் டேங்க் சுவர்ப்பக்கம் சாய்ந்து கிடந்தது. மைத்துனனைக் காணோம். கூப்பிட்டார். மழைதான் கேட்டது. டேங்குக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை நுழையும் சந்து. அதற்குள்ளிருந்து வந்தது, டக், டக், டக்.

"ஐயோ, உள்ள மாட்டிக்கிட்டியாடா!"

கையிலிருந்த ஸ்பேனர் உருண்டதைக்கூடக் கவனிக்காமல் மண்டியிட்டு, தோள்வரை சந்துக்குள் கையை விட்டுத் துழாவினார். தகரம் முழங்கையைக் கிழித்தது. விரல்கள் தட்டுப்பட்டன. ஈரமாக, வெதுவெதுப்பாக. அவை அவர் கையை இறுகப் பற்றிக்கொண்டன. உயிரோடு இருக்கிறான். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"பயப்படாத. நான் இருக்கேன். உங்க அக்காகிட்ட உன்னைக் கொண்டுபோய் சேர்த்துடுவேன்டா."

கை இன்னும் இறுகியது.

மழை ஒரு கணம் ஓய்ந்தது.

"மாமா!" ஏணியடியிலிருந்து குரல். "வாஷர் பத்தல, அதான் கடைக்கு ஓடினேன். நீங்க கொல்லையில இருந்தீங்க, சொல்லாம போயிட்டேன். திட்டாதீங்க. மேல வரட்டுமா?"

பிளம்பர் கையை இழுத்தார்.

வரவில்லை. மணிக்கட்டைச் சுற்றி விரல்கள். எண்ண முயன்றார். எண்ணி முடியவில்லை.

வராதே என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மழை தகரத்தின்மேல் விழுந்தது. "வராதடா! ஓடு!" அவர் கத்தியது அவருக்கே கேட்கவில்லை. மற்றக் கையால் ஸ்பேனரைத் தேடினார். ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு தட்டினால் நின்றுவிடுவான். ஸ்பேனர் எட்டவில்லை.

சந்துக்குள் தட்டும் சத்தம். நிதானமாக.

டக். டக். டக்.

பலகை அதிர்ந்தது. ஏணியின் முதல் படி. அடுத்த படி. அதற்கடுத்தது. அவன் கேள்வி கேட்கவில்லை. அப்படித்தானே பழக்கியிருந்தார்.

பரணின் வாசலில் நனைந்த முடி தெரிந்தது. பிறகு கண்ணாடி, அதன்மேல் மழைத்துளிகள். துடைக்கக் கையில்லாமல், எதுவும் தெரியாமல், அசட்டுச் சிரிப்போடு அவன் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தான்.

பிளம்பரின் கையைப் பற்றியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், அவரை விட்டன.