அடித்துக் கொன்ற நாய்

மஃரிப் தொழுகைக்கு ஒளு செய்யும்போது, வாய் கொப்பளிக்க எடுத்த தண்ணீர் கலீலுல்லாவின் வாய்க்குள் போகவில்லை. மறுபடி கையில் ஏந்தினார். உதட்டருகே வந்ததும் தொண்டை தானாக இறுகி, தோள் துள்ளி, தண்ணீரெல்லாம் சட்டையில் கொட்டியது. சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். உப்பளம் வட்டாரத்தில் அந்த வாரம் யாருக்குத்தான் சளி இல்லை.

காலையிலிருந்தே காதும் மூக்கும் அளவுக்கு மீறி வேலை செய்துகொண்டிருந்தன. நாலு வீடு தள்ளி யாரோ மீன் கழுவும் வாடை, துறைமுகத்தில் மூட்டை இறக்கும் கூச்சல், கொல்லையில் வாளிக்குள் விழும் ஒவ்வொரு சொட்டும், எல்லாம் தலைக்குள்ளேயே நடப்பதுபோல் இருந்தது. ஜன்னல் வழியே வந்த கடற்காற்று முகத்தில் பட்டதும் கழுத்து வெட்டி இழுத்தது. ஓடிப்போய் ஜன்னலையெல்லாம் சாத்தினார். சாத்திய கையைப் பார்த்தார். ஆள்காட்டி விரலில் ஆறிப்போன தழும்பு மூன்று நாளாக அரித்துக்கொண்டே இருக்கிறது.

அப்போதுதான் பயம் வந்தது.

ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் பதினாறு வருஷம் மைக்ராஸ்கோப் பார்த்தவர் அவர். வெறிநாயின் மூளையைச் சாயமேற்றிப் பார்த்தால் செல்லுக்குள் சிவப்பாகச் சின்ன உருண்டைகள் தெரியும். நாற்பது நாளைக்கு முன் மகள் பரீதாவைத் தெருநாய் ஒன்று கன்னத்தில் கடித்தது. விலக்கப்போன அவர் விரலையும் கடித்தது. கடித்த நாயைக் கொல்லாதீர்கள், கட்டிப்போட்டுப் பத்து நாள் பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற ஆள் அவர்தான். அன்று தெருவே கூடி நாயை அடித்துக் கொன்றபோது அவரும் ஒரு கட்டையை எடுத்தார். பிள்ளையின் ரத்தத்தைப் பார்த்த தகப்பனுக்கு வேறென்ன தோன்றும்!

நாயின் தலையை அவரே அறுத்துப் பார்த்தார். உருண்டை ஒன்றுகூட இல்லை. பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலு வருஷம் ஆகியும் டாக்டரை அவர் முசே என்றுதான் கூப்பிடுவார். "மூளை சுத்தமா இருக்கு முசே" என்று அடித்துச் சொன்னார். டாக்டரும் நம்பினார். "வயித்துல பதினாலு ஊசி வேணாம்மா" என்று மகளிடம் வந்து சொன்னபோது பரீதா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

நோய் முற்றுமுன் கொன்ற நாயின் மூளையில் உருண்டை தெரியாமலும் போகும். அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அன்று அதை நினைக்க மனசு வரவில்லை.

ஆரம்பித்துவிட்டால் மருந்து கிடையாது. உலகத்தில் எங்கும் கிடையாது. நாலு நாள். மிஞ்சினால் ஐந்து.

நான் போகிறேன், போகட்டும். பிள்ளைக்கு இன்னும் ஒன்றும் வரவில்லையே. இப்போதே தூக்கிக்கொண்டு ஓடினால், இன்றைக்கே முதல் ஊசி போட்டுவிட்டால்...

"பரீதா எங்க?"

"உள்ள படுத்திருக்கா. காய்ச்சல் அடிக்குது" என்றாள் மனைவி ரோஷன் பீவி. "என்னங்க, உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

"எப்பலேர்ந்து?"

"நேத்துலேர்ந்து. கன்னத்த சொறிஞ்சிகிட்டே இருக்கா."

நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். மங்கிய விளக்கு. பாய். போர்வைக்கு வெளியே ஒரு சின்னக் கை.

"ஜன்னல ஏன் சாத்துனீங்க? புள்ளைக்குப் புழுங்குது பாருங்க." ரோஷன் பீவி பனைவிசிறியை எடுத்தாள்.

வேண்டாம். சொல்ல வாய் திறந்தார். குரல் வரவில்லை.

விசிறி ஒருமுறை அசைந்தது. பரீதாவின் கழுத்து பின்னால் வெட்டி இழுத்தது. வாய் கோணியது. மூச்சு நின்றது.

பிள்ளைக்குக் காற்றுப் போதவில்லை என்று பதறிய தாய், பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் வேகமாக விசிறினாள்.